வீடு மாறும்போது வீட்டு வரி: பெயர் யாருடையது, பாக்கி யாருடையது?

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி போன வைகாசியில் ஒரு துணிப்பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பைக்குள் இருபது வருஷத்து வீட்டு வரி ரசீதுகள், நூல் போட்டுக் கட்டியபடி. மேலே இருந்ததை உருவி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, ரசீது எம் பேர்லதானே இருக்கு?"

"ஆமா ஆச்சி."

"அப்ப வீடும் எம் பேர்லதானே?"

மகன் சென்னையில் இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார். வாங்க வந்தவர் பத்திரமும் பட்டாவும் கேட்டிருக்கிறார். ஆச்சியிடம் இருந்ததோ இந்த ரசீதுக் கட்டு மட்டும்தான். ஒரு அரையாண்டுகூட விடாமல் வரி கட்டியவருக்கு, அது போதாது என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பம் ஆச்சிக்கு மட்டும் உரியதல்ல. டீக்கடையிலும் பத்திர ஆபீஸ் வாசலிலும் கல்யாண வீட்டிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சுகள் நான்கு. வரி யார் பேரிலோ வீடு அவருக்கு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. பத்திரம் பதிந்தால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும். பழைய பாக்கி பழைய ஓனர் தலையில். நான்குமே தவறு. நான்காவதை நம்பி நானே பணம் இழந்திருக்கிறேன். அதனால்தான், வீடு மாறப்போகிறவர்களுக்கு இதை முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புள்ளி வரியும் வீட்டு வரியும்

நம் பக்கத்தில் வரி என்ற சொல்லுக்கு இரண்டு பழக்கம் உண்டு. நகரத்தார் குடும்பங்களில் கல்யாணம் முடிந்ததும் தங்கள் நகரக் கோவிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, பதிகிறார்கள். இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று ஒன்பது கோவில்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் புள்ளி சென்னைக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் வரி கூடவே போகும். அது ஆளுக்கான வரி.

வீட்டு வரி அப்படியல்ல. அது கட்டடத்துக்கான வரி. அரசாங்கத் தாள்களில் சொத்து வரி என்று எழுதுகிறார்கள். ஒரு கட்டடம் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளாட்சி அதற்கு விதிக்கும் வரி. உள்ளாட்சி என்றால் நம் ஊரைப் பொறுத்து மாநகராட்சியாகவோ, நகராட்சியாகவோ, பேரூராட்சியாகவோ, கிராம ஊராட்சியாகவோ இருக்கும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான் பேரூராட்சி, ஆத்தங்குடி ஊராட்சி. அலுவலகம் வேறு, தொகை வேறு, வரி நிற்கும் இடம் ஒன்றுதான்: கட்டடம்.

ஆகவே நீங்கள் வீடு மாறும்போது வரி உங்களோடு வருவதில்லை. பழைய வீட்டின் வரி பழைய வீட்டிலேயே நிற்கும். புதிய வீட்டுக்கு என்று ஒரு வரி நீங்கள் வருவதற்கு முன்பே அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மாறவேண்டியது, அந்த வீட்டுக்கு எதிரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது மட்டும்.

பூட்டின வீட்டுக்கும் இதே பதில்தான். முகப்பில் பூட்டு தொங்குவதாலேயே வரி நின்றுவிடாது. இந்த வட்டாரத்தில் ஒரு தெருவில் பாதி வீடுகள் வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டித்தான் கிடக்கின்றன. அத்தனைக்கும் வரி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்று அலுவலகம், மூன்று காகிதம்

ஒரு வீட்டைப் பற்றி அரசாங்கத்தில் மூன்று இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம்: யார் யாருக்கு விற்றார், எழுதிக் கொடுத்தார் என்ற விவரம். வருவாய்த் துறையில் பட்டா: நிலம் எந்தச் சர்வே எண்ணில், யார் பெயரில் என்ற விவரம். உள்ளாட்சி அலுவலகத்தில் வரிப் பதிவேடு: இந்தக் கட்டடத்தின் வரியை யாரிடம் கேட்க வேண்டும் என்ற விவரம்.

மூன்றாவதன் வேலை அவ்வளவுதான். வரியைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்காக ஒரு பெயர். வரிப் பதிவேட்டிலோ வருவாய்ப் பதிவேட்டிலோ பெயர் ஏறுவதால் மட்டும் யாருக்கும் உரிமை வந்துவிடாது, அந்தப் பதிவு வரி வசூலுக்கானது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ரசீதுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இத்தனை காலம் அந்த வீட்டைப் பேணி வந்தவர் இவர் என்பதற்குத் துணைச் சான்றாக அது நிற்கும். உரிமைக்குப் பத்திரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்த மூன்று அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடுவதில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. பத்திரம் பதிந்து ஆறு மாதம் கழித்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பழைய பெயரே இருந்தால் மாறவில்லை என்று பொருள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வரி கட்டடத்துக்கு, ரசீதில் உள்ள பெயர் வசூலுக்கு, உரிமை பத்திரத்தில்.

பாக்கி வீட்டோடு வரும்

2017-ல் நான் இந்த வீட்டை வாங்கினேன். விற்றவர் தங்கமான மனிதர். வரி பாக்கி இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். தேதியைப் பார்த்தேன், போன வாரம். அச்சு மை பளபளவென்று இருந்தது. திருப்தியாகிப் பத்திரம் பதிந்தேன்.

நான் பார்க்காமல் விட்டது தேதிக்குக் கீழே இருந்த ஒரு வரி. பணம் கட்டியது போன வாரம்தான். ஆனால் அது எந்த அரையாண்டுக்கான பணம் என்ற இடத்தில் இரண்டரை வருஷத்துக்கு முந்தைய அரையாண்டு இருந்தது. கட்டும் பணத்தை அலுவலகத்தில் பழைய பாக்கியில்தான் முதலில் வரவு வைப்பார்கள். அவர் கட்டியது ஒரு அரையாண்டு, நின்றது ஐந்து. அதோடு குடிநீர்க் கட்டண பாக்கி தனி. பெயர் மாற்றத்துக்குப் போய் நின்ற அன்று கவுண்டரில் எல்லாம் ஒரே திரையில் தெரிந்தது.

அவருக்கும் அது தெரியாது என்றே இன்றும் நம்புகிறேன். ஊரில் இல்லாதவர், யாரிடமோ பணம் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் கட்டியது நான்.

ஏன் நான்? வரி பாக்கி அந்தச் சொத்தின் மீது நிற்கும் முதல் பொறுப்பு என்பது சட்டம். அதாவது, வீடு யார் கைக்குப் போனாலும் பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும். வண்டியை விற்றாலும் சக்கரத்தில் ஒட்டிய சேறு வண்டியோடு போவது மாதிரி. விற்றவரிடம் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம். அலுவலகம் வீட்டைத்தான் பிடிக்கும்.

வில்லங்கச் சான்று எடுத்தோமே, அதில் வந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விவரங்களின் பட்டியல். வரி பாக்கி அங்கே பதிவாவதில்லை. அதை உள்ளாட்சியில்தான் பார்க்க வேண்டும்.

ரசீதில் எதைப் பார்ப்பது

ஒரு ரசீதைக் கையில் எடுத்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது வரி விதிப்பு எண்ணை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் உள்ளாட்சி கொடுத்திருக்கும் தனி அடையாள எண் அது. ஆளின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, எண் சரியாக இருந்தால் கணக்கு சரியான வீட்டுக்குப் போகும். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் நிலுவை முழுவதும் தெரிந்துவிடும். விற்பவர் காட்டும் தாளை நம்புவதைவிட, எண்ணை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு நாமே பார்த்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

பிறகு கதவு எண். நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்கின்றன. முகப்புக்கு ஒரு எண், பின்வாசலுக்கு வேறு எண் என்று இரண்டு வரி விதிப்பு இருக்க இடமுண்டு. முன்பக்க ரசீதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பின்கட்டின் பாக்கி கண்ணிலேயே படாது. தேக்கு நிலையின் ஓரத்தில் சின்னத் தகரத் துண்டில் எண் அடித்திருப்பார்கள், சுண்ணாம்பு படிந்து மறைந்திருக்கும். அதைத் துடைத்துப் பார்த்து ரசீதோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாசலிலும் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் நிலுவை, நடப்பு என்ற இரண்டு கட்டங்கள். நிலுவை என்றால் முந்தைய பாக்கி, நடப்பு என்றால் இந்த அரையாண்டுக்கு உரியது. வரியோடு நூலக வரி ரூபாய்க்குப் பத்து காசு சேர்ந்திருக்கும். குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் பாக்கி இல்லை என்பதால் மற்றொன்றிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகள் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. அங்கே வீடு வாங்குபவர்கள் பழைய பேரூராட்சி ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வீடுதான் என்று காட்ட அவை உதவும்.

அரையாண்டுக் கணக்கு

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வருஷத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒவ்வொரு அரையாண்டும் தொடங்கியதும் கேட்பு எழும். கேட்பு என்றால் இந்த வீட்டிலிருந்து இவ்வளவு வரவேண்டும் என்று கணக்கில் எழுதுவது. அது முழு அரையாண்டுக்கும் சேர்த்துத்தான் எழும். நடுவில் நீங்கள் வீடு விற்றாலும் அலுவலகம் அதை நாள் கணக்கில் உடைத்துக் கொடுக்காது. அந்தப் பங்கீட்டை விற்பவரும் வாங்குபவரும்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு உதாரணம். அரையாண்டு வரி 3,660 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். நாளுக்கு 20 ரூபாய். ஜூலை 10 அன்று பத்திரம் பதிகிறார்கள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலையில் 9, ஆக விற்பவர் இருந்தது 100 நாள். அவர் பங்கு 2,000 ரூபாய். மீதி 83 நாளுக்கு 1,660 ரூபாய் வாங்குபவர் பங்கு. விற்பவர் முழுத்தொகையையும் முன்பே கட்டியிருந்தால் வாங்குபவர் அந்த 1,660-ஐ அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கட்டாமல் இருந்தால் விற்பவரின் 2,000-ஐ விலையில் கழித்துக்கொள்ளலாம். கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் பின்னால் பேச்சு வராது. லட்சக்கணக்கில் கைமாறும் இடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மனக்கசப்பு வந்து, ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். மேலே சொன்ன 3,660-க்கு 183 ரூபாய் மிச்சம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். ஊராட்சிகளில் பொதுவாக வருஷத்துக்கு ஒருமுறை கட்டுகிறார்கள், தொகையும் சிறியது. அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

புதிய வீட்டுக்கு ஏன் தொகை வேறு

பழைய வீட்டுக்குக் கட்டியதையே புதிய வீட்டுக்கும் எதிர்பார்க்கக் கூடாது. கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் பகுதி, கட்டிய விதம், வயது, எதற்குப் பயன்படுகிறது என்பதையெல்லாம் வைத்துத் தொகை வருகிறது. 2022-ல் வரி உயர்ந்தபோது, சென்னையைத் தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புகளுக்கு 25 சதவீதம் கூடியது, 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றப் பகுதி, மட்டுமே அந்த 1,800-ஐத் தாண்டிவிடும்.

பயன்பாடு மாறினாலும் வரி மாறும். குடியிருந்த வீட்டை வாங்கித் தங்கும் விடுதியாக்கினால் அது வணிகக் கட்டடம். அதைப் போலவே வீட்டை இடித்துவிட்டாலும் சொல்ல வேண்டும். தேக்குத் தூண்களும் நிலைகளும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், இல்லாத வீட்டின் பெயரில் வரி ஏறிக்கொண்டே இருக்கும். இடித்ததைச் சொன்னால்தான் அது காலிமனை வரியாக மாறும். தூண்கள் போவதைப் பார்ப்பதே மனசுக்குக் கஷ்டம். அதற்கு மேல் இந்தச் செலவு வேறு எதற்கு?

பெயர் மாற்றம்

வாங்கியவர் செய்ய வேண்டியது கடினமில்லை. பாக்கியை நேர் செய்த ரசீது, பத்திர நகல், விண்ணப்பம், உரிய கட்டணம். பாக்கி இருந்தால் மனு நகராது. வாரிசாக வந்த வீடென்றால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசு சான்று, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்.

விற்றவர்கள் பலர் இது வாங்கியவர் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். தகவல் சொல்ல வேண்டிய பொறுப்பு இருவருக்கும் உண்டு. பெயர் மாறாத வரை கேட்பு உங்கள் பெயரில்தான் எழும். பத்திர நகல் ஒன்றை இணைத்து ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை.

வகையறா வீடுகள்

ரசீதில் 'இன்னார் வகையறா' என்று இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில்தான் எத்தனை! கொள்ளுத் தாத்தா பெயர், பக்கத்தில் வகையறா. அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது பங்காளிகள் இருப்பார்கள், பாதிப் பேர் வெளிநாட்டில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் எல்லோரும் கூடுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பங்காளி தனியே வீடு கட்டிக்கொண்டு போனால் அவர் பங்கு வரி என்னவாகும்? அலுவலகத்தைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகாது. வரி விதிப்பு எண் ஒன்று, கேட்பு ஒன்று, முழுத்தொகையும் வந்தாக வேண்டும். போனவர் கொடுக்காவிட்டால் இருப்பவர்கள் சேர்த்துப் போட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அதைக் காட்டி மனுக் கொடுத்து, அலுவலகத்திலிருந்து வந்து அளந்து பார்த்த பிறகுதான் தனித்தனி எண் கிடைக்கும். ஒரே வளவும் அதைச் சுற்றி அறைகளும் இருக்கும் வீட்டில் அப்படிப் பிரிப்பது எளிதல்ல.

பிரிக்காத வீடுகளில் நன்றாக நடப்பது முறை வைத்துக் கட்டுவதுதான். இந்த வருஷம் இந்தப் புள்ளி, அடுத்த வருஷம் அடுத்த புள்ளி. கட்டியவர் ரசீதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். வரி கட்டியதால் தன் பங்கு கூடிவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது, மற்றவர்களும் பயப்பட வேண்டியதில்லை. இருபது வருஷம் ஒருவரே கட்டினாலும் மற்றவர் பங்கு குறைவதில்லை. கட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: போன பங்காளியின் வரி இருக்கும் பங்காளிகள் தலையில் விழும். அதனால் போவதற்கு முன்பே முறையைப் பேசி எழுதிவிட வேண்டும்.

வாடகைக்கு மாறுபவர்களுக்கு

வீட்டு வரி வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைதாரர் கட்டுவதென்றால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். குடிநீர், குப்பைக் கட்டணம் யாருடையது என்பதை மட்டும் குடிவரும் அன்றே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அதில்தான் பெரும்பாலும் தகராறு.

கைபேசி எண்

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லாதது. வரி விதிப்பு எண்ணோடு ஒரு கைபேசி எண்ணும் பதிந்திருக்கும். பாக்கி பற்றிய செய்தி அதற்குத்தான் போகும். பெயர் மாறியும் எண் மாறாவிட்டால் உங்கள் வீட்டுச் செய்தி பழைய ஓனருக்குப் போய்க்கொண்டிருக்கும். பெயர் மாற்ற மனுவிலேயே உங்கள் எண்ணை எழுதி, மாறியதா என்று அடுத்த ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் கட்டை அவிழ்த்து இருவரும் ரசீதுகளைப் பார்த்தோம். கணவர் இறந்ததும் வரி ஆச்சி பெயருக்கு மாறியிருக்கிறது. பத்திரம் மாமனார் காலத்தோடு நின்றுவிட்டது. கணவரின் உடன்பிறந்தவர்கள் இருவருக்கும் பங்கு இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரிசு சான்றுக்கு மனுக் கொடுத்திருக்கிறார் ஆச்சி. வாங்க வந்தவரும் காத்திருக்கிறார். அக்டோபர் கேட்பு எழுந்ததும் முதல் வாரத்திலேயே வரியைக் கட்டிவிட்டு, புது ரசீதை அதே நூலில் மேலே வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.